சிமிழ் கடைசல்: மூடி எவ்வளவு இறுகலாம்?

மரச்சிமிழ் கடைகிறவர்கள் தங்கள் கைவேலையைக் காட்டும்போது பெரும்பாலும் மூடியைத்தான் இழுத்துக் காட்டுவார்கள். உள்ளே காற்று சிக்கி, மெல்ல எதிர்த்து, கடைசியில் "டப்" என்று ஒரு சத்தம் வரும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தச் சத்தம் வரவழைக்கத் திறமை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி இறுகிய மூடியோடு ஒரு குங்குமச்சிமிழைப் பூஜை அலமாரியில் வைத்துப் பாருங்கள். ஒரு கையில் ஊதுபத்தியோ விளக்குத் திரியோ இருக்கும், மறுகையின் இரண்டு விரலால் மூடியைத் தூக்கினால் சிமிழ் முழுசாகக் கூடவே கிளம்பி வரும், பாதி உயரத்தில் கழன்று விழும், புடவை, தரை, கோலம் எல்லாம் சிவப்பு. ஆகவே என் கணக்கில் குங்குமச்சிமிழின் மூடிக்கு ஒரே சோதனைதான்: விரலால் தூக்கினால் மூடி மட்டும் வரணும், அடிப்பாகம் அலமாரியிலேயே இருக்கணும். அப்படி ஒன்றைப் பூவரசில் எப்படிக் கடைந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். வெளிவடிவத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது அவரவர் கண்ணுக்குப் பிடித்தபடி. வேலை முழுக்க, மூடி ஏறி உட்கார அடிப்பாகத்தின் மேல்விளிம்பில் கடைகிற கழுத்தின் ஆறு மில்லிமீட்டரில் இருக்கிறது.

முதலில் கட்டை. சாலையோரம் வெட்டிப்போட்ட பூவரசங்கிளைகளை விறகுக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கினேன். விறகு விலைக்கே கொடுத்தார், எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பூவரசின் வெளிப்பகுதி வெளிறிய நிறம், வைரம் பாய்ந்த உள்பகுதி சாக்லேட்டும் சிவப்பும் கலந்த பழுப்பு. புதிதாக அறுக்கும்போது ரோஜா மாதிரி லேசான வாசனை வரும். இழை நெருக்கமானது, உளிக்கு நன்றாக வளைந்துகொடுக்கும், மெருகும் ஏறும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்பார்கள், சாப்பாட்டுக் கிண்ணம் கடைய அதை விரும்பி எடுப்பார்கள், காரணம் அது உணவில் தன் ருசியை ஏற்றாது. நம் ஊரில் வேலிக்கும் நிழலுக்கும் நட்டு, வெட்டினால் அடுப்புக்குப் போகிற மரம் அங்கே சாப்பாட்டுப் பாத்திரமாக மதிப்போடு இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பச்சைக் கட்டையில் நேராகச் சிமிழ் செய்தால் அடுத்த மாதமே மூடி போட முடியாது. கிளையை இரண்டடித் துண்டுகளாக அறுத்து, நடுவில் இருக்கும் அந்த மென்மையான தண்டு வழியாகவே கோடாலியால் பிளந்து, இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவி, மாடிப்படிக்குக் கீழே நிழலில் அடுக்கி வைத்தேன். தண்டோடு சேர்த்து முழு உருளையாகக் காயவைத்தால் எப்படியும் வெடிக்கும், அதைத் தடுக்க வழி கிடையாது. முனையில் மெழுகு எதற்கு என்றால், மரத்தில் ஈரம் பக்கவாட்டைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சீக்கிரம் காய்ந்து சுருங்கும், நடு இன்னும் ஈரமாக இருக்கும், முனையில் பிளவு விழும். காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஈரமானிக் கருவி எல்லாம் வேண்டாம். ஒரு துண்டைச் சமையல் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவையுங்கள், அப்புறம் வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் அது நம் ஊர்க் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் லேத், அதாவது கடைசல் இயந்திரம்.

பூவரசு கிடைக்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கொய்யாக் கட்டை அருமையாகக் கடையும், ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். வாகை அழகான மரம், அதன் தூள் தும்மல் தும்மலாக வரவைக்கும். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், எண்ணெய்ப் பசையும் உண்டு. புளியங்கட்டை இரும்பு, முதல் சிமிழுக்கு வேண்டாம்.

என்னுடையது அரைக் குதிரைத்திறன் மோட்டார் உள்ள சின்ன மேசை லேத், பெல்ட் மாற்றி வேகம் மாற்றுகிற வகை. இந்த அளவுச் சிமிழுக்கு அது தாராளம். 65 மி.மீ. சதுரக் கட்டை, நீளம் 105 மி.மீ. எடுத்துக்கொண்டேன். இழை சிமிழின் அடியிலிருந்து மூடிவரை நேராக ஓடணும், அதாவது லேத்தின் அச்சோடு ஒரே திசையில். கிண்ணம் கடையும்போது இழை குறுக்கே போகும், சிமிழில் அப்படிச் செய்யக் கூடாது. மரம் சுருங்குவதும் விரிவதும் கிட்டத்தட்ட முழுக்க இழைக்குக் குறுக்கேதான் நடக்கும், நீளவாக்கில் இல்லை என்றே சொல்லிவிடலாம். அதிலும் ஒரு வம்பு: வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் வட்டமாகக் கடைந்த எதுவும் காலப்போக்கில் கொஞ்சம் முட்டை வடிவமாகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூடிக் கதையின் வில்லன் இதுதான்.

இரண்டு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் கண்டுபிடித்து, இரு மையங்களுக்கு நடுவே மாட்டி, அகன்ற கவுஜால் (குழிந்த வாயுள்ள உளி) சதுரத்தை உருளையாக்கினேன். மூலைகள் தட்டுகிற வரைக்கும் நிமிடத்துக்கு எண்ணூறு, ஆயிரம் சுற்றுப் போதும். வட்டமானதும் 1800க்கு ஏற்றலாம். 60 மி.மீ. உருளை கிடைத்ததும் இரண்டு பக்கமும் சக் (கட்டையைத் தாடைகளால் கவ்வும் லேத்தின் பாகம்) பிடிப்பதற்கு 6 மி.மீ. நீளப் பிடி கடையணும். பிடியின் விட்டம் சக்கின் தாடைகள் கிட்டத்தட்ட முழு வட்டமாக நிற்கும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கணும், என் சக்கில் அது 50 மி.மீ. ஒட்டி. தாடைகள் ரொம்ப விரிந்து பிடித்தால் எட்டு முனைகள் மட்டுமே மரத்தைக் கடிக்கும், பிடிப்பும் இருக்காது, தழும்பும் விழும். இன்னொன்று, பிடியின் முனை சக்கின் அடியைத் தொடக் கூடாது. பிடிக்கு மேலுள்ள தோள்தான் தாடையின் முகத்தில் உட்காரணும். இது உட்காராத கட்டை என்ன செய்தாலும் ஆடும்.

பிரிப்பதற்கு முன்னால் உருளையின் நீளத்துக்கு ஒரு பென்சில் கோடு இழுத்துவிடுங்கள், மூடியும் அடியும் எந்த நிலையில் ஒன்றாக இருந்தன என்பதற்கு. மூடிக்கு 30, அடிக்கு 55, மீதி பிடிகளுக்கும் வெட்டுக்கும். மெல்லிய பார்ட்டிங் உளியால் பிரித்தேன். எவ்வளவு மெல்லிய வெட்டோ அவ்வளவு நல்லது, இழைக்கோடுகள் மூடியிலிருந்து அடிக்குத் தொடர்ச்சியாக ஓடுகிற மாதிரி தெரியும். ஆனாலும் கழுத்து கடையும்போது ஆறு மி.மீ. அளவு வெளி இழை காணாமல்தான் போகும். தேக்கு மாதிரிப் பட்டை பட்டையாகக் கோடுள்ள மரத்தில் இது துருத்திக்கொண்டு தெரியும், பூவரசின் கோடுகள் அடக்கமானவை, மூட்டுப் போடும் இடத்தில் ஒரு சின்ன வரி இழுத்துவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பிரித்ததும் உடனே முடிக்கக் கூடாது. இரண்டு பாகத்தையும் உள்ளே முரட்டுத்தனமாகக் குடைந்து, சுவர் நல்ல தடிமனாக இருக்கும்படி விட்டு, ஒரு காகிதப்பையில் போட்டு வைத்துவிட்டேன். காய்ந்த கட்டைக்குள்ளும் இறுக்கம் இருக்கும், குடைந்து எடுத்ததும் அது தளர்ந்து வடிவம் லேசாக மாறும். மாறவேண்டியது மாறி முடிந்த பிறகு கடைந்தால்தான் அளவு நிற்கும். அவசரக்காரர்கள் ஒரே உட்காரலில் முடிப்பார்கள், சாயங்காலம் அழகாகப் பொருந்தும், மறுநாள் காலையில் பொருந்தாது.

அடியைக் குடைய டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனையில் நகர்த்தி முட்டுக் கொடுக்கும் பாகம்) 35 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட்டை, அதாவது தட்டையான அடியுள்ள துளை போடும் பிட்டை, மாட்டினேன். வேகத்தை ஐந்நூறுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள், அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் புகையும். ஆழத்துக்குப் பிட்டின் தண்டில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பிட்டின் நடுமுனை மற்ற பாகத்தைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அது அடியில் ஒரு குழி போட்டுவிடும் என்பதால் இரண்டு மி.மீ. முன்னாலேயே நிறுத்தி, மீதியை வட்டமுனை ஸ்கிரேப்பரால் (சுரண்டு உளி) எடுக்கணும். உள்ளே ஸ்கிரேப்பர் போடும்போது அதன் வெட்டுமுனை மைய உயரத்துக்கு மயிரிழை மேலே இருக்கட்டும். உளி தவறிக் கீழே இறங்கினாலும் காற்றுக்குள்தான் இறங்கும், மரத்தைக் கடிக்காது. வெளிப்பக்கத்தில் இதற்கு நேர் எதிர், மையத்துக்குக் கொஞ்சம் கீழே.

இப்போது மூடி. மூடியின் வாயை முதலில் முடித்துவிட்டு, கழுத்தை அதற்குப் பொருத்தணும். மாற்றிச் செய்தால் அவஸ்தை, ஏனென்றால் வெளிப்பக்கமாக இருக்கும் கழுத்தை எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும் சீவலாம், பார்க்கலாம், அளக்கலாம். உள்பக்கமாக இருக்கும் வாயைக் குருட்டுத்தனமாகத்தான் சீவ முடியும். வாயின் விட்டம் 44 மி.மீ. வைத்தேன். விளிம்பிலிருந்து ஏழு மி.மீ. ஆழம் வரை சுவர் செங்குத்தாக இருக்கணும், அதற்குப் பிறகு மேலே குவிந்துகொள்ளலாம். செங்குத்து என்று கண் சொல்வதை நம்பாதீர்கள். வெர்னியர் அளவுகோலின் உள்தாடையை விளிம்பில் ஒருமுறை, ஐந்தாறு மி.மீ. உள்ளே தள்ளி ஒருமுறை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கணும். உள்ளே போகப்போகக் குறுகினால் மூடி பாதியில் நின்றுவிடும். உள்ளே அகன்றால் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டியதும் கடகடவென்று ஆடும். சதுரமுனை ஸ்கிரேப்பரை அச்சுக்கு இணையாக நிறுத்தி, மெல்ல உள்ளே நகர்த்தினால் சுவர் நேராக வரும்.

மூடியின் உட்குவிவுக்கு கவுஜை நடுவில் வைத்து வெளிநோக்கி இழுக்கணும். முனை மரத்தில், அதாவது இழையின் வெட்டுமுனை தெரிகிற பக்கத்தில், உள்ளிருந்து வெளியே வெட்டினால்தான் இழை படியும், வெளியிலிருந்து நடுவுக்கு வெட்டினால் பிசிறு பிசிறாகக் கிளம்பும். அப்புறம் உப்புத்தாள், 150இல் தொடங்கி 400 வரை, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அழுத்தாமல். அழுத்தித் தேய்த்தால் சூடேறி முனை மரத்தில் தலைமுடி போல விரிசல் விழும். ஆனால் வாயின் அந்த ஏழு மி.மீ. செங்குத்துச் சுவரில் உப்புத்தாள் படவே கூடாது. மரத்தின் மென்மையான இடங்களைத் தாள் கூடுதலாகத் தின்னும், வட்டம் கெட்டுப்போகும். உளி போட்ட மேனிக்கு விட்டுவிடுங்கள்.

மூடியைக் கழற்றிவிட்டு அடியைச் சக்கில் மாட்டியதும் கழுத்து வேலை. வெர்னியரால் வாயை அளந்து அதே அளவுக்குக் கழுத்தைக் கடைந்துவிடலாம் என்றுதான் தோன்றும். அளவு உதவும், ஆனால் கடைசி அரை மில்லிமீட்டருக்கு அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கழுத்தின் நுனியை மட்டும் கொஞ்சம் சரிவாகக் கடைந்து, மூடி அந்த நுனியில் ஏறத் தொடங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். லேத்தை மெதுவாகச் சுழலவிட்டு மூடியை லேசாக அழுத்திப் பிடித்து எடுத்தால், உரசிய இடத்தில் பளபளவென்று ஒரு கருவளையம் தெரியும். அந்த வளையம் இருக்கும் இடத்தின் விட்டம்தான் வாயின் விட்டம். இனி அந்த வளையத்துக்கு வெளியே இருக்கும் மரத்தை, வளையத்தின் மட்டத்துக்கு நேராக எடுத்துவிட்டால் போதும். முழு வளையத்தையும் எடுத்துவிடாதீர்கள், ஒரு கீற்று தெரியட்டும். அப்போது மூடி அழுத்தி ஏற்றினால் ஏறி இறுக்கமாக நிற்கும். இந்த இறுக்கம் தற்காலிகம்தான், மூடியின் மேற்புறத்தைக் கடைவதற்காக. தப்பித்தவறித் தளர்ந்துவிட்டால் ஒரு சுற்று மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்து ஏற்றிக்கொள்ளலாம்.

மூடியை ஏற்றிய பின், பென்சில் கோடு நேராகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, டெயில்ஸ்டாக்கைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து, வெளிவடிவத்தை இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கடைந்தேன். உச்சியில் ஒரு சின்னக் குமிழ். குமிழ் வேண்டாம், மூடி வழவழவென்று இருந்தால் நவீனமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இருக்கும்தான், ஆனால் குங்குமம் பட்ட விரலுக்கு வழவழப்பான மூடி வழுக்கும். குமிழ் வேண்டாம் என்றால் மூடியின் விளிம்பு அடியைவிட ஒரு மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டாவது இருக்கட்டும், நகம் பிடிக்க இடம் வேண்டும். டெயில்ஸ்டாக்கின் முட்டைக் கடைசி நிமிடம் வரை எடுக்கவில்லை. குமிழின் நுனி மட்டும் மிச்சம் இருக்கும்போது அதை விலக்கி, ஸ்கியூ எனும் சாய்வாய் உளியின் முனையால் மெல்லிய சீவல்களாக எடுத்து முடித்தேன்.

இங்கே ஒரு பயணத்தைச் சொல்லியாகணும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அந்த ஊரில் அம்மி, உரல், அடுப்பு, குடம் என்று பொம்மைச் சமையலறையையே மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றுவார்கள், அந்தக் காலத்தில் மஞ்சள்கடம்பு மரத்தில். என் சிமிழை எடுத்துக் காட்டினேன், அப்போது அதற்கு "டப்" மூடிதான் வைத்திருந்தேன். இழுத்துப் பார்த்தார், சத்தம் வந்தது, சிரித்தார்.

"சத்தம் போடுத மூடி வெளாட்டுக்குச் சரி தம்பி. சாமிகிட்ட வைக்கதுக்கு மூடி பேசாம வரணும்லா?"

"லூசா விட்டா மூடி ஆடுமே அண்ணாச்சி?"

"ஆடுதது கழுத்துல இல்ல, தோள்ல. தோளு சரியா உக்காந்தா கழுத்து எம்புட்டு லூசா இருந்தாலும் மூடி ஆடாது."

இந்த ஒரு பதில் என் வேலையையே மாற்றிவிட்டது. மூடி அசையாமல் நிற்பதற்கு நான் கழுத்தின் இறுக்கத்தை நம்பிக்கொண்டிருந்தேன், அவர் தோளை நம்புகிறார். மூடியின் விளிம்பு உட்காரும் அந்தத் தட்டையான வளையம் சுத்தமாக, சொல்லப்போனால் உள்பக்கம் மயிரிழை சரிவாக இருந்தால், மூடி வெளிவிளிம்பில் சுற்றிலும் பொருந்தி உட்காரும். கழுத்தின் வேலை மூடியை நடுவில் நிறுத்துவது மட்டும்தான். அதற்கு நெருக்கமான இறுக்கம் தேவையே இல்லை.

ஊர் திரும்பியதும் செய்தது இது. கழுத்தின் நீளத்தை ஆறு மி.மீ.க்கு மேல் போகவிடவில்லை. காற்று சிக்கிச் சத்தம் வருவது நீளக் கழுத்தில்தான், பத்துப் பன்னிரண்டு மி.மீ. கழுத்து என்றால் மூடி தூக்கும் வழியெல்லாம் காற்றை இழுத்துக்கொண்டே வரும். குட்டைக் கழுத்தில் அது சட்டென்று விட்டுவிடும். பிறகு கழுத்தின் விட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் லேத்தை நிறுத்தி மூடியைப் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்ப்பது ஒரே நிலையில் இல்லை, மூடியைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பித் திருப்பி. பென்சில் கோடு சேரும் நிலையில் லேசாகப் போய், குறுக்கே திருப்பினால் பிடிக்கிறது என்றால் இரண்டும் முட்டை வடிவமாகிவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். கோடு சேரும் நிலையில் இரண்டு முட்டையும் ஒரே பக்கம் பார்க்கின்றன, அதனால் பொருந்துகிறது. பூஜை அறையில் யாரும் கோடு பார்த்து மூடி போடப்போவதில்லை, ஆகவே எல்லா நிலையிலும் லேசாக வரும் வரைக்கும் சீவியாகணும். 44 மி.மீ. விட்டத்துக்கு மொத்தமாகக் கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிறது.

அந்த இடைவெளியிலும் பருவத்தைப் பார்ப்பது நல்லது. சித்திரை வெயிலில் கடைந்தால் ஒரு சீவல் கூடுதலாக எடுத்துவிடுவேன், ஐப்பசி மழையில் கடைந்தால் ஒரு சீவல் குறைவாக. ஈரக்காற்றில் மரம் உப்பும்போது வாயும் கழுத்தும் சேர்ந்தே விரியும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் விரியாது, மூடி வெளிக்காற்றில் இருக்கும், கழுத்து மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

தூக்கும்போது அடி கூடவே வராமல் இருக்க இன்னொரு உபாயம், அடிக்கு எடை. சிமிழை மெல்லியதாகக் கடைவதைத் திறமையாக நினைக்கிறார்கள், குங்குமச்சிமிழுக்கு அது எதிரி. அடித்தளத்தை எட்டு மி.மீ. தடிமனாக விட்டேன், அடிப்பாகம் ஐம்பது கிராம் அளவுக்கு வந்தது. குமிழைப் பிடித்துச் சிமிழை முழுசாகத் தூக்கிப் பாருங்கள். அடி ஒரு வினாடி தயங்கிவிட்டுத் தானாகக் கழன்று இறங்கினால் அளவு சரி. வரமாட்டேன் என்றால் இன்னும் ஒரு சீவல். கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

இதெல்லாம் அடி சக்கில் இருக்கும்போதே முடியணும், ஏனென்றால் அடுத்தது அந்தப் பிடியையே எடுத்துவிடும் வேலை. ஒரு மாங்கட்டைத் துண்டைச் சக்கில் பிடித்து, சிமிழின் உட்குழிவுக்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி ஒரு முளை கடைந்து, சிமிழை அதில் கவிழ்த்து ஏற்றி, டெயில்ஸ்டாக் முட்டோடு அடிப்பிடியைக் கடைந்து எடுத்தேன். அடியை நடுவில் லேசாகக் குழிவாக விட்டால் சிமிழ் எந்தத் தட்டிலும் ஆடாமல் உட்காரும்.

மெருகு. உள்ளே எண்ணெய் தடவவே கூடாது. ஆளிவிதை எண்ணெயோ வேறு எதுவோ, மூடிய சிமிழுக்குள் அந்த வாசனை போகவே போகாது, குங்குமமும் கட்டி கட்டியாகும். சும்மா விட்டாலும் மரத்துளைகளில் குங்குமம் ஏறி நிரந்தரக் கறை. அவலரக்குதான் (ஷெல்லாக்) சரி. இருநூறு மில்லி ஸ்பிரிட்டில் இருபத்தைந்து கிராம் அவலரக்கைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, உள்ளே மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 400 தாளால் ஒரு தடவு தடவி அடுத்தது. கரைசலை வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள், மாதக்கணக்கில் பழசானால் அது சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும். கழுத்திலும் வாயிலும் மட்டும் அரக்கு வேண்டாம். புழுக்கத்தில் அரக்கும் அரக்கும் ஒட்டிக்கொள்ளும், நாம் கஷ்டப்பட்டு விட்ட கால் மில்லிமீட்டர் பூச்சிலேயே போய்விடும். அங்கே தேன்மெழுகை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிற சிமிழ் வேண்டுமென்றால் பூவரசு உதவாது, அதன் கருநிறம் வண்ணத்தை விழுங்கிவிடும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் காலங்காலமாக எடுப்பது வெட்பாலை மரம், நம் தைலத்துக்குப் போகிற அதே வெட்பாலை. வெள்ளை வெளேரென்று, இழையே தெரியாத மரம். வண்ணம் கலந்த அரக்கைச் சூடாக்கி, சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து மடித்து இழுத்து மடித்துக் குச்சியாக்கி வைத்திருப்பார்கள். சுழலும் மரத்தில் அந்தக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டிலேயே உருகி ஏறும். பிறகு காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்தி ஓட்டினால் திட்டுத்திட்டாக இருந்தது பரவிக் கண்ணாடியாகிவிடும். நான் வெட்பாலையில் ஒன்று செய்து பார்த்தேன், கைக்குப் பழக நேரம் எடுக்கிற வேலை. வேகம் குறைந்தால் அரக்கு உருகாது, அழுத்தம் கூடினால் வளையம் வளையமாகத் தடிக்கும். மரத்தில் ஒரு சொட்டு எண்ணெயோ மெழுகோ பட்டிருந்தால் அந்த இடத்தில் பிடிக்காது. துணிக்குப் பதில் மடலை ஏன் வைக்கிறார்கள் என்று யோசித்தால் ஒரு நன்மை தெரிகிறது, லேத்தில் மாட்டினால் மடல் கிழிந்துவிடும், துணி விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அதே காரணத்துக்காக, பட்டறைக்குள் வேட்டி, தோளில் துண்டு, தொளதொள முழுக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். கையில் கட்டிய கோவில் கயிறும்தான். சாமி கோபித்துக்கொள்ளாது, கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, மூக்குக்கு முகமூடி. பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, சிமிழுக்குள் குடையும் வேலைக்கு அது கூடவே கூடாது, அரத்தின் எஃகு கண்ணாடி மாதிரி ஒடியும். ஹைஸ்பீடு எஃகில் ஒரு வட்டமுனை, ஒரு சதுரமுனை ஸ்கிரேப்பர், ஒரு கவுஜ், ஒரு ஸ்கியூ, ஒரு பார்ட்டிங், இந்த ஐந்தும் இருந்தால் போதும். முனை மரத்தில் தூளாகக் கொட்டத் தொடங்கினால் சாணைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது, நல்ல முனை சுருள் சுருளாகச் சீவும்.

இப்போது ஆச்சிமார் மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் ஜோடியாகக் கேட்கிறார்கள். ஜோடி என்றால் புதுச் சிக்கல், மூடி மாறிப்போனாலும் பொருந்தணும். இதற்கு ஒரு காய்ந்த புளியங்கட்டையில் 44 மி.மீ. அளவுக்கு ஒரு முளை கடைந்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு மூடியின் வாயையும் வெர்னியரை விட்டுவிட்டு அந்த முளையில் போட்டுத்தான் பார்க்கிறேன். அதேபோலக் கழுத்துக்கு ஒரு வளையம். முளையும் மரம்தானே, அதுவும் மழைக்கு உப்பும் என்பதால் அடுத்ததை நைலான் தடியில் கடைந்துவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டு சிமிழையும் ஒரே கிளையின் அடுத்தடுத்த துண்டில் எடுப்பது இன்னும் நல்லது, நிறமும் ஒத்துப்போகும், விரிந்தாலும் சுருங்கினாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.